ஐ.என்.ஏ-வில் சேர்ந்து காயப்பட்ட தாத்தா: பேரப்பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேயாவிலும் பர்மாவிலும் நேதாஜியின் படையில் தானாகச் சேர்ந்து, உடம்பில் ஒரு தழும்போடு திரும்பி வந்தவர்கள் தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. இப்போது கேள்வி கேட்பது பேரன் பேத்திகள். நான் சில காலமாக இந்தக் குடும்பக் கதைகளைக் கேட்டுக் குறித்து வருகிறேன். எங்கே போனாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஐ.என்.ஏ-ங்கிறது நேதாஜியோட கட்சியா, பட்டாளமா?

பட்டாளம். இந்திய தேசிய ராணுவம் என்பது முழுப்பெயர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் கைதானார்கள். அவர்களிலிருந்து கேப்டன் மோகன் சிங் திரட்டியதுதான் முதல் ஐ.என்.ஏ. ஜப்பானியரோடு ஒத்துவராமல் அந்த வருடக் கடைசியிலேயே அது கலைந்துபோனது.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிறகு எழுந்தது இரண்டாவது படை. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. உங்கள் தாத்தா தோட்டத் தொழிலாளியாகவோ கடைப் பையனாகவோ இருந்து சேர்ந்தவர் என்றால், பெரும்பாலும் இந்த இரண்டாவது படையில்தான் சேர்ந்திருப்பார்.

பால்மரம் வெட்டப் போனவர் எப்படி சிப்பாய் ஆனார்?

மலேயா இந்தியர்களில் பெரும்பான்மை தமிழர்கள். அவர்களில் மிகப்பலர் ரப்பர் தோட்டங்களில் இருந்தார்கள். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வழியாகப் போனவர்கள். ஜப்பான் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்கள் படுத்துவிட்டன, அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாள் தள்ளினார்கள்.

அந்த நிலைமையில் போஸ் ஊர் ஊராக வந்து பேசினார். அவர் இந்துஸ்தானியில் பேசப் பேச ஒருவர் தமிழில் சொல்வார். துரைக்கு முன்னால் தலை நிமிராமல் வளர்ந்த பையனை ஒரு பெரிய தலைவர் 'நீயும் ஒரு சிப்பாய்தான்' என்ற கணக்கில் அழைத்தது சாதாரண விஷயம் இல்லை. சாதி கேட்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டதை, சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சொன்ன பெரியவர்கள் உண்டு.

உண்மையைச் சொல்லுங்க, விரும்பிப் போனாங்களா, பிடிச்சுக்கிட்டுப் போனாங்களா?

ஐ.என்.ஏ-வில் சேர்ந்த பொதுமக்கள் தாங்களாகச் சேர்ந்தவர்கள்தான். பிடித்துக்கொண்டு போனது வேறொன்று: சயாம்–பர்மா ரயில் பாதை. 1942-லிருந்து 1943 அக்டோபர் வரை, சுமார் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட பாதை அது. அதற்காகத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் மிரட்டியும் கொண்டுபோன தமிழர்களில் ஏராளமானோர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். சயாம் மரண ரயில் என்று தமிழில் சொல்லும் பெயர் அப்படி வந்ததுதான்.

இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் குடும்பக் கதைகளில் கலந்துவிடுகின்றன. ரயில் வேலைக்கு ஆள் பிடிப்பவர்களிடமிருந்து தப்பிக்கவே பட்டாளத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. அதனால் அவர்களின் தேசப்பற்று பொய் என்று ஆகிவிடாது. பசி, பயம், கோபம், நேதாஜி மேல் இருந்த மயக்கம் எல்லாமே ஒரே இளைஞனுக்குள் இருந்திருக்கலாம். அதில் எது உண்மையான காரணம் என்று இன்று நாம் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

16 வயசுல சேர்ந்தாராம். நம்பலாமா?

நம்பலாம். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன்கள் இருந்தார்கள். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலக் சேனா என்று தனி அமைப்பே இருந்தது.

வயதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 1938 ஜூனில் மலேயா தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. ஆகவே 1943-ல் பதினாறு வயதுப் பையனாக இருந்தவர் அதற்கு முன்பே அப்பா அம்மாவோடு சின்ன வயதில் கப்பலேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே பிறந்திருக்க வேண்டும். 'ரஜுலா கப்பலில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து போனேன்' என்று தாத்தா சொல்லியிருந்தால் அது கணக்குக்குப் பொருந்தும்.

இந்தி ஒரு வார்த்தை தெரியாதவருக்கு எப்படிப் பயிற்சி கொடுத்தாங்க?

கட்டளைகள் இந்துஸ்தானியில். எழுத்து ஆங்கில எழுத்து. கைதான பழைய ராணுவ ஹவில்தார்களும் நாயக்குகளும்தான் வாத்தியார்கள். தோட்டத்துப் பையன்கள் அர்த்தம் தெரியாமலே ஓசையைப் பிடித்துக்கொண்டு 'தாயினே முட்', 'பாயே முட்' என்று திரும்பப் பழகினார்கள். தொண்ணூறு வயதில் பேரன் பேரை மறந்தவர்கூட இந்தக் கட்டளைகளை மறக்காமல் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஆயுதம் பெரும்பாலும் பிரிட்டிஷாரிடமிருந்து பிடித்த பழைய துப்பாக்கிகள். பீரங்கி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. 

தமிழ்ப் பசங்க இம்பால் வரைக்கும் போனாங்களா?

சிலர் போனார்கள். ஆனால் மணிப்பூரில் இருக்கும் இம்பாலைப் பிடிக்க 1944 மார்ச்சில் தொடங்கிய படையெடுப்பில் சென்ற முதல் டிவிஷனில் பெரும்பாலோர் முன்னாள் ராணுவச் சிப்பாய்கள்: சீக்கியர்கள், பஞ்சாபி முஸ்லிம்கள், டோக்ராக்கள் போன்றவர்கள். மலேயாவில் புதிதாகச் சேர்ந்த தமிழ் இளைஞர்களை அதிகமாகப் பார்ப்பது அதற்கு அடுத்த கட்டத்தில். 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றைக் கடக்க வந்த பிரிட்டிஷ் படையை, பகானுக்குப் பக்கத்தில் நியாங்ஊவில் எதிர்கொண்டது குர்பக்ஷ் சிங் தில்லானின் நேரு படைப்பிரிவு. அதில் தமிழர்கள் நிறைய. அதற்குப் பிறகு போப்பா மலைப் பகுதியில் சண்டை நடந்தது.

ஆகவே தாத்தா 'ஆத்தங்கரையில் அடிபட்டேன்', 'மொட்டைக் காடு, தண்ணியே கிடையாது' என்று சொன்னால் ஐராவதி–போப்பா பக்கம் என்று யூகிக்கலாம். மத்திய பர்மாவின் அந்தப் பகுதி வறண்ட பூமி. 'மழை, சேறு, அட்டைப்பூச்சி' என்று சொன்னால் அது 1944, இம்பால் பக்கம். ஊர்ப்பெயர்கள் மறந்துபோனாலும் மண்ணும் தண்ணீரும் நினைவில் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

கால்ல இருந்த தழும்பு குண்டடிதானா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் நேரம் செலவழிக்கிறேன். குண்டடியாக இருக்கலாம், குண்டுச் சில்லாக இருக்கலாம். இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு பெரியவர் வேட்டியை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். முன்னங்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. நடுவில் தோல் மெலிந்து பளபளவென்று எலும்போடு ஒட்டியிருந்தது, ஓரம் கறுத்திருந்தது. வீட்டில் எல்லோரும் அதைக் குண்டுபட்ட தழும்பு என்றே சொல்லி வந்தார்கள். அவர் சொன்னது வேறு. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தார், அது புண்ணானது, புண் சதையைத் தின்று எலும்பு தெரிந்தது. காட்டுப்புண் என்றார். ஈரமும் சத்துக்குறைவும் சேர்ந்தால் வெப்பமண்டலக் காடுகளில் இப்படி நடக்கும். கால் போனவர்களும் உண்டு.

இம்பால் பக்கம் போன ஐ.என்.ஏ-வினர் சுமார் 6,000 பேர் என்றும், சண்டையில் இறந்தவர்கள் 400 பேர் அளவு என்றும், நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் 1,500 பேர் அளவு என்றும் வரலாற்று நூல்களில் ஒரு கணக்கு வருகிறது. சுமார் 800 பேர் சரணடைந்தார்கள், 715 பேர் படையை விட்டுப் போனார்கள். திரும்பி வந்த 2,600 பேரில் 2,000 பேரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். குண்டு கொன்றதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்குப் பேரை மலேரியாவும் சீதபேதியும் பசியும் கொன்றிருக்கின்றன. தாத்தாவின் தழும்பு குண்டுபட்டது இல்லை என்று தெரிந்தால் ஏமாந்துபோகாதீர்கள். அந்தப் போரில் அதுவும் போர்க்காயம்தான்.

குண்டு பட்டா உடனே என்ன செஞ்சாங்க?

முதலில் கூட இருப்பவர்தான் மருத்துவர். பையில் இருந்த கட்டுத்துணியை வைத்து அழுத்திக் கட்டுவார். பிறகு சுமந்துபோக வேண்டும். இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே போர்வையை முடிந்து தூளி மாதிரிக் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுப்பார்கள். மலைப்பாதையில் முன்னால் இருப்பவர் ஏறும்போது படுத்திருப்பவர் பின்னால் சறுக்குவார். ஒவ்வொரு சறுக்கலிலும் முறிந்த எலும்பு உரசும். மயக்க மருந்தெல்லாம் வழியில் கிடையாது.

ஐ.என்.ஏ-வின் காந்தி படைப்பிரிவு ஆட்கள் இம்பாலுக்கு அருகே பலேல் பக்கம் போகும்போது சுமையைக் குறைக்கச் சொன்னதால் ஒரு போர்வை, துப்பாக்கி, 50 தோட்டா அளவோடு போனார்கள். இம்பால் சீக்கிரம் விழுந்துவிடும், சாப்பாடும் மருந்தும் அங்கேயே கிடைக்கும் என்று ஜப்பானியத் தளபதிகள் போட்ட கணக்கு அது. இம்பால் விழவில்லை. மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் கட்டைப் பிரித்து அலசி அதையே திரும்பக் கட்டினார்கள். புண்ணில் புழு வைத்தது என்று யாராவது சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்று நினைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரி எங்க இருந்தது?

பர்மா எல்லையோரம் இருக்கும் தமுவிலிருந்து கபாவ் பள்ளத்தாக்கு வழியாகக் கலேவா, அங்கிருந்து சிந்துவின் ஆற்றில் படகு, பிறகு லாரியோ ரயிலோ. உயிரோடு இந்த வழியைத் தாண்டியவர்கள் மாந்தளைக்கு மேலே, மலை மேல் இருக்கும் மேம்யோவின் ஐ.என்.ஏ மருத்துவமனைக்கு வந்தார்கள். இன்றைய வரைபடத்தில் பியின் ஊ ல்வின் என்று தேடுங்கள். இரங்கூனிலும் பெரிய மருத்துவமனை இருந்தது.

மேம்யோவில் வேலை பார்த்தவர்களில் டாக்டர் லட்சுமி சுவாமிநாதனும் ஒருவர். சென்னையில் பிறந்து, 1938-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, 1940-ல் சிங்கப்பூர் போய்த் தமிழ்த் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். கேப்டன் லட்சுமி என்று நாம் அறிந்தவர் அவர்தான். நேதாஜியும் மேம்யோவில் தங்கியிருந்த நாட்களில் வார்டுகளுக்கு வந்து காயப்பட்டவர்களைப் பார்த்தார். எனவே 'படுத்திருந்தப்போ நேதாஜி வந்து பார்த்தார்' என்ற பேச்சுக்கு இடம் உண்டு.

மருந்து இருந்ததா?

இருந்தது, போதவில்லை. மலேரியாவுக்குக் கொயினா வேண்டும். உலகத்தின் கொயினாவில் பெரும்பகுதி விளைந்த ஜாவா ஜப்பானியர் கையில்தான் இருந்தது, ஆனால் அதை மலைக்கு மேல் கொண்டுவந்து சேர்க்க வழி இல்லை. எதிர்ப்பக்கம், பிரிட்டிஷ் படையில், மெப்பாக்ரின் என்ற மலேரியா மாத்திரையை அதிகாரி முன்னிலையிலேயே சிப்பாய் விழுங்க வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தார்கள். காயப்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒரே காட்டில், ஒரே மழையில், ஒரே மாதிரிக் குண்டுபட்ட இரண்டு இந்தியர்களில் எவர் பிழைப்பார் என்பதை மருந்துப் பெட்டிதான் பெரும்பாலும் முடிவு செய்தது.

பின்வாங்கும்போது நடக்க முடியாதவங்களைக் காட்டிலேயே விட்டுட்டு வந்தாங்களாமே?

விட்டுவிட்டு வந்ததும் நடந்தது. 1944 ஜூலையில் பின்வாங்கும் கட்டளை வந்தபோது பலர் காய்ச்சலோடு எழுந்து நிற்கவே முடியாமல் இருந்தார்கள். தூக்குகிறவரும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார். ஜப்பான் தரப்பிலும் இந்தப் போர்முனையில் சுமார் 30,000 பேர் இறந்தார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் பசியிலும் நோயிலும்தான் போனார்கள். சிந்துவின் ஆற்றுக்குப் போகும் பாதை முழுக்கப் பிணங்கள் கிடந்தன.

தூக்கி வந்ததும் நடந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லுகிற கதை முழுக் கதை ஆகாது. தாத்தா யாரையாவது விட்டுவிட்டு வந்திருந்தால், அவர் அதைச் சொல்லாமல் இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவரைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாம் இல்லை.

பாட்டி ஜான்சி ராணி படையில இருந்தாங்க. அவங்களும் சண்டை போட்டாங்களா?

1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் ஐ.என்.ஏ-வின் பெண்கள் பிரிவான அந்தப் படையின் முகாம் திறந்தது. கேப்டன் லட்சுமி தலைமை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். துப்பாக்கி, ஈட்டிமுனைப் பயிற்சி எல்லாம் முறையாகக் கொடுத்தார்கள். ஆனால் இம்பால் முனையில் அவர்களைச் சண்டைக்கு இறக்கவில்லை. மேம்யோவிலும் இரங்கூனிலும் காயப்பட்டவர்களைக் கவனித்தார்கள்.

இதைச் சொன்னால் சில குடும்பங்களுக்கு வருத்தம். எனக்கு அதில் குறைவாக எதுவும் தெரியவில்லை. பதினெட்டு வயதுப் பெண் சீதபேதிக்காரர்களுக்குத் துணி மாற்றி, புழுவை எடுத்துப் புண் கழுவி, மருத்துவமனை மேல் விமானம் குண்டு போடும்போது நோயாளியைப் பதுங்குகுழிக்கு இழுத்துப் போனாள். பின்வாங்கும் வழியில் இவர்கள் வந்த ரயிலைக் கொரில்லாக்கள் தாக்கியபோது ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். பாட்டி துப்பாக்கி சுட்டாரா என்று மட்டும் கேட்டால் இதெல்லாம் விட்டுப்போகும்.

காயத்தோட பிரிட்டிஷ்காரங்க கையில மாட்டினா சுட்டுடுவாங்களா?

ஆரம்பத்தில் அந்த ஆபத்து இருந்தது. பிரிட்டிஷ் பதினான்காம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிம் இதைத் தாமே பதிவு செய்திருக்கிறார்: தமது இந்திய, கூர்க்கா சிப்பாய்கள் சில நேரம் ஐ.என்.ஏ-வினரைச் சரணடைய விடத் தயங்கியதால், அவர்களை நல்ல முறையில் ஏற்றுக்கொள்ளும்படி கட்டளை போட வேண்டியிருந்தது என்று. உயிரோடு பிடிபட்ட காயப்பட்டவர்களுக்கு அங்கே சிகிச்சை கிடைத்தது. மேலே சொன்ன மருந்து வித்தியாசத்தால், பிடிபட்டதால் பிழைத்தவர்களும் இருப்பார்கள்.

எங்க தாத்தா பிரிட்டிஷ் பக்கம் இருந்து பர்மாவுல காயப்பட்டார். அப்போ அவர் துரோகியா?

இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவம் 25 லட்சம் பேர் வரை வளர்ந்தது. இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை இல்லை, அத்தனை பேரும் தாங்களாகச் சேர்ந்தவர்கள். சம்பளத்துக்காகச் சேர்ந்தார்கள், குடும்ப வழக்கத்தால் சேர்ந்தார்கள், ஜப்பான் வந்துவிடும் என்ற பயத்தாலும் சேர்ந்தார்கள். மூன்றாவது கேள்விக்குச் சொன்ன பதிலை இங்கேயும் வைத்துப் பாருங்கள்.

ஒரே ஊரிலிருந்து அண்ணன் மலேயாவுக்கும் தம்பி பட்டாளத்துக்கும் போய், எதிரெதிரே நின்ற குடும்பங்கள் இருந்திருக்கலாம். இருவரின் கதையையும் சேர்த்தே எழுதுங்கள்.

சண்டை முடிஞ்சதும் ஜெயில்ல போட்டாங்களா?

ஆளைப் பொறுத்தது. 1945 ஏப்ரல் 24 அன்று நேதாஜி இரங்கூனை விட்டுக் கிளம்பினார். இந்திய மக்களைப் பாதுகாக்க சில ஆயிரம் ஐ.என்.ஏ-வினரோடு அங்கேயே இருந்து பொறுப்பேற்றவர் மேஜர் ஜெனரல் ஏ.டி. லோகநாதன், சென்னை மாகாணத்து மருத்துவர். மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை வந்தபோது இரங்கூனில் இருந்தவர்கள் சரணடைந்தார்கள்.

முன்னாள் ராணுவத்தினரை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கறுப்புப் பட்டியலில் வந்தவர்களுக்கு வேலையும் பாக்கிச் சம்பளமும் போனது. செங்கோட்டையில் நடந்த வழக்கில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் மூவரும் நின்றார்கள், நாடே கொதித்தது, 1946 ஜனவரியில் விடுதலையானார்கள். தோட்டத்திலிருந்து சேர்ந்த பொதுமக்கள் நிலைமை வேறு. அவர்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்ததே கிடையாது, ஆகவே ராணுவத் துரோகக் குற்றம் அவர்கள் மேல் நிற்காது. விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். காயத்துக்கு உதவித்தொகை, ஊனத்துக்கு வேலை எதுவும் கிடையாது. நொண்டிக்கொண்டே போய் மறுபடி பால் கத்தியை எடுத்தார்கள்.

அப்புறம் ஏன் அவர் இதைப் பத்தி வாயே திறக்கல?

வலி, கூச்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மலேயாவில் வெளிப்படையான காரணம் ஒன்றும் இருந்தது. 1948 ஜூனில் அங்கே அவசரநிலை வந்தது. தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம். ஐ.என்.ஏ-வில் இருந்து பின்னர் பெரிய தொழிற்சங்கத் தலைவரான, தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ. கணபதியை, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று தூக்கிலிட்டார்கள். இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. சீருடைப் படத்தையும் அடையாள வில்லையையும் எரித்தவர்களை, குழியில் புதைத்தவர்களை நாம் குறை சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் ஒரு காகிதம்கூட இல்லாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பெட்டியில வாழைமரம் போட்ட நோட்டு இருக்கு. ஐ.என்.ஏ பணமா?

இல்லை. ஜப்பானியர் மலேயாவில் புழங்கவிட்ட பத்து டாலர் நோட்டு. போர் முடிந்ததும் செல்லாமல் போனது. பத்திரமாக வையுங்கள், ஆனால் அது படையில் இருந்ததற்கு ஆதாரம் ஆகாது.

பென்ஷன் இன்னும் கேட்டு வாங்க முடியுமா?

1972 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசின் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியம் நடைமுறையில் இருக்கிறது. ஐ.என்.ஏ-வினரும் ஜான்சி ராணி படையினரும் அதில் அடங்குவார்கள். தமிழ்நாடு அரசுக்குத் தனித் திட்டம் உண்டு. வீரருக்குப் பின் அது மனைவிக்கு அல்லது கணவருக்குப் போகும், மணமாகாத மகளுக்கும் வழி உண்டு. பேரப்பிள்ளைகளுக்கு வராது.

சாட்சிக்குச் சக வீரரின் சான்றிதழ் கேட்டார்கள். சக வீரர் கபாவ் பள்ளத்தாக்கில் கிடக்கிறார் அல்லது மலேசியாவின் ஈப்போவில் இருக்கிறார் என்றால் ஊரில் ஒற்றை ஆளாக இருந்தவர் எங்கே போவார்? தகுதி இருந்தும் வாங்காமலே போனவர்கள் நிறைய. பழைய விண்ணப்பம் ஏதாவது போட்டிருந்தால் அதன் நகலைத் தேடுங்கள். பணம் வராவிட்டாலும், அவர் தன் கையெழுத்தோடு சொன்ன விவரங்கள் அதில் இருக்கும்.

படையை விட்டு ஓடி வந்தவர்னு பெரியப்பா ரகசியமா சொன்னார். இதை எழுதலாமா?

எழுதுங்கள். ஏழாவது கேள்வியில் இருக்கும் எண்களை மறுபடி பாருங்கள்: 715 பேர் போனார்கள், 800 பேர் சரணடைந்தார்கள். புல்லையும் கீரையையும் அவித்துத் தின்று, காய்ச்சலில் நடுங்கி, தோட்டா தீர்ந்துபோன இடத்தில் இருந்து போனவர்கள் அவர்கள். போவதற்கு முன் அந்த இளைஞர் அங்கே எத்தனை மாதம் தாங்கினார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இதை மறைத்து, செய்யாத வீரச்செயலை அவர் தலையில் ஏற்றுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். அப்படி ஏற்றினால் அவர் உண்மையில் பட்டதெல்லாம் கணக்கில் வராமலே போய்விடும்.

சரி, இப்போ எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வீட்டிலிருந்து. அப்பா, அத்தை, பெரியம்மா யார் இருந்தாலும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் கதை மற்றவர் கதையைத் திருத்திவிடும். தோட்டத்தின் பெயர் என்ன, பக்கத்து டவுன் எது, எந்தக் கப்பலில் திரும்பினார், எந்த வருடம், தழும்பு எந்தக் காலில், மழை வந்தால் வலிக்கும் என்பாரா, வருடா வருடம் குளிர்க்காய்ச்சல் வந்ததா, எந்தச் சாப்பாட்டைத் தொடமாட்டார். காய்ச்சல் கேள்வியை விடாதீர்கள். பர்மாவில் பிடித்த மலேரியா பலரை ஊருக்கு வந்த பிறகும் திரும்பத் திரும்ப ஆட்டியது.

அதற்குப் பிறகு ஆவணங்கள். தில்லியில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ கோப்புகள் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் தமிழிலேயே பதிவான பேட்டிகள் உண்டு, இணையத்திலும் தேடலாம். கொல்கத்தாவில் நேதாஜி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தேடும்போது பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் தேடாதீர்கள். ஹவில்தார் காதில் விழுந்தபடி எழுதியதால் முத்தையா 'முதியா' ஆகியிருப்பார், கருப்பையா 'கர்பயா' ஆகியிருப்பார். அப்பா பெயர், ஊர்ப்பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.